வயிறு நிறைஞ்சாத்தான் எலும்பு மூடும்

எங்க பக்கம் "மாடு தேத்தறது"ன்னு ஒரு தொழில் இருக்குது. பட்டணத்துல இருக்கற உங்கள்ல பல பேரு கேள்விப்பட்டிருக்க மாட்டீங்க. உழவுக்கும் வண்டிக்கும் உழைச்சு ஓய்ஞ்ச எருது, கறவை வத்தி இனிமே சினை பிடிக்காதுன்னு ஆன கிழட்டு எருமை, இதுங்கள எலும்பும் தோலுமா சந்தையில வாங்கிட்டு வருவோம். மூணு நாலு மாசம் தீனி போட்டு, உடம்பு பிடிச்ச பிறகு திரும்ப விப்போம். வாங்கின விலைக்கும் வித்த விலைக்கும் நடுவுல, தீனிச் செலவு போக மிஞ்சறதுதான் நம்ம கூலி.

ஆத்தூர் பக்கம் எனக்கு மூணரை ஏக்கரு. ஒரு ஏக்கரு கிணத்துப் பாசனம், மீதி மானாவாரி. மக்காச்சோளம், கடலை, கொஞ்சம் குச்சிக்கிழங்கு. குச்சிக்கிழங்குன்னா நீங்க சொல்ற மரவள்ளிதான். வெள்ளாமையை மட்டும் நம்பினா எனக்கு வருசம் ஓடாது. அதனால பதினஞ்சு வருசமா, ஒரு தடவைக்கு நாலு உருப்படின்னு வருசத்துக்கு ரெண்டு தடவை தேத்தி விக்கறேன்.

வித்த மாடு எங்க போகுதுன்னு கேப்பீங்க. கறிக்குத்தான் போகுது. ஊருல எல்லாருக்கும் தெரியும், ஆனா யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டாங்க. "கேரளா ஏவாரி ஓட்டிட்டுப் போயிட்டான்"னு சொல்லி அதோட நிறுத்திக்குவாங்க. தமிழ்நாட்டுல இதுக்கு 1958-லயே சட்டம் இருக்குது. பத்து வயசு தாண்டி, உழைப்புக்கும் இனப்பெருக்கத்துக்கும் ஆகாத மாடுன்னோ, இல்ல நிரந்தரமா ஊனமாயிடுச்சுன்னோ சான்று இருந்தாத்தான் அறுக்க முடியும். அதனால நான் கன்னுக்குட்டி, இளம் மாடு எதையும் இந்த வேலைக்கு எடுக்கறதில்ல. கிழடு மட்டுந்தான். இதுல உங்களுக்குச் சம்மதம் இல்லாம இருக்கலாம், அது உங்க மனசு. ஆனா ஒண்ணு. பன்னெண்டு வருசம் உழைச்ச மாடு கடைசி நாலு மாசமாவது பசி தெரியாம இருக்கணும். அதுல எனக்கு ரெண்டு பேச்சு கிடையாது.

இன்னைக்கு எழுத வந்தது அந்தப் பசியைப் பத்தித்தான்.

மாடு தேத்தறதுன்னு சொன்னதும் வெளியாளுங்க நினைக்கறது மூட்டை மூட்டையா புண்ணாக்கு, பருத்திக்கொட்டை, தவிடு. புதுசா இந்தத் தொழிலுக்கு வர்ற பசங்களும் அப்படித்தான் நினைக்கறாங்க. சந்தையில இருந்து மாட்டை ஓட்டிட்டு வந்த அன்னைக்கே தொட்டி நிறைய மாவும் தவிடும் கரைச்சு வச்சுடுவாங்க. மூணாம் நாளு மாடு கழியும். அஞ்சாம் நாளு தீனியில வாயே வைக்காது.

காரணம் மாட்டு வயிறு. நமக்கு இருக்கற மாதிரி ஒரே பை இல்ல அது. நாலு அறை. அதுல முதல் அறை பெரிய ஊறல் தொட்டி மாதிரி. அதுக்குள்ள கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான நுண்ணுயிர் இருக்குது. மாடு நார் தின்னும், அந்த நாரை அந்த உயிருங்க புளிக்க வச்சுப் பிரிச்சுக் கொடுக்கும், அதுலதான் மாட்டுக்குத் தெம்பு. படுத்துக்கிட்டு அசைபோடறப்ப எச்சில் ஊறி உள்ள போகும். அந்த எச்சில்தான் தொட்டிக்குள்ள புளிப்பு ஏறாம பாத்துக்குது. நார் இல்லாம மாவும் சோறுமா கொட்டினா அசை போடாது, எச்சில் ஊறாது, உள்ள அமிலம் ஏறிடும். மாட்டுப்பொங்கலுக்கு மறுநாள் எந்தக் கால்நடை டாக்டரையாவது கேட்டுப் பாருங்க. ஆசை ஆசையா பொங்கலும் வாழைப்பழமும் ஊட்டின வீடுகள்ல இருந்துதான் அன்னைக்கு அவருக்குப் போன் வரும்.

அதனால தேத்தற மாட்டுக்கு முதல் தீனி நார்த்தீனி. தட்டு, கொடி, வைக்கோல், புல்லு. அதுல வயிறு நிறையணும். அடர்தீனியெல்லாம் அதுக்கு மேல ஊத்தற குழம்புதான். எங்க அப்பா சொல்வாரு, "வயிறு நிறைஞ்சாத்தான்டா எலும்பு மூடும்"னு. அதுல ஒரு எழுத்துக்கூட மாத்த வேண்டியதில்ல.

இனி கணக்குக்கு வர்றேன். ஒரு மாடு தன் எடையில நூத்துக்கு ரெண்டுல இருந்து ரெண்டரை பங்கு காய்ஞ்ச தீனி தின்னும். 300 கிலோ மாடுன்னா ஒரு நாளைக்கு 6, 7 கிலோ. அதுல அடர்தீனி ரெண்டு கிலோ போனா மீதி அஞ்சு கிலோ நார்த்தீனி வேணும். நாலு மாட்டுக்கு, நாலு மாசத்துக்கு, கிட்டத்தட்ட ரெண்டரை டன். இது மொத்தமும் வைக்கோலா வாங்கணும்னா இந்தத் தொழிலை இன்னைக்கே நிறுத்திடலாம்.

முன்னெல்லாம் வைக்கோல் ஒரு பொருட்டே இல்ல. ஆளு வச்சு அறுத்து, களத்துல அடிச்சு, நீளம் நீளமா போர் போட்டு வைப்பாங்க. போர் இல்லாத வீட்டுக்குப் பொண்ணு தர யோசிப்பாங்கன்னு பாட்டி சொல்லும். இப்ப அறுப்பு மெஷின் வந்து ஒரு மணி நேரத்துல ஒரு ஏக்கரை முடிச்சுடுது. அதைக் குத்தம் சொல்ல மாட்டேன், அறுப்புக்கு ஆளு எங்க இருக்குது? ஆனா மெஷின் மிதிச்சுப் போட்ட வைக்கோலை இன்னொரு மெஷின் வந்து உருளையா கட்டினாத்தான் அது கையில சிக்கும். கட்டறதுக்கு முன்னாடி மழை பெஞ்சா அதுவும் போச்சு. 2016-ல வடகிழக்குப் பருவமழை பொய்ச்சு, 2017 ஜனவரியில எல்லா மாவட்டத்தையும் வறட்சி மாவட்டமா அரசாங்கம் அறிவிச்சுது, ஞாபகம் இருக்கும். அந்த வருசம் வைக்கோல் உருளைக்கு நாங்க லாரி பின்னாடி ஓடினோம். மாட்டை வித்து வைக்கோல் வாங்கினவங்க உண்டு. வைக்கோல் இல்லாம மாட்டை வித்தவங்கதான் அதைவிட அதிகம்.

வைக்கோல் வயித்தை அடைக்குமே தவிர அதுல சத்து பெருசா கிடையாது. புரதம் நூத்துக்கு மூணு நாலு பங்குதான். விலை ஏறினாலும் சத்து ஏறாது இல்லியா? அப்பதான் சுத்திமுத்தி வேற என்ன நார் கிடக்குதுன்னு ஒவ்வொண்ணா தேட ஆரம்பிச்சேன். தேடத் தேட, ஊரு முழுக்க தீனியாத்தான் கிடந்தது.

முதல்ல மக்காச்சோளத்தட்டு. ஆத்தூருல இருந்து பெரம்பலூரு வரைக்கும் மானாவாரி நிலம் பூரா இன்னைக்கு மக்காச்சோளம்தான். கதிரை ஒடிச்சதும் தட்டை என்ன பண்றாங்க? ரோட்டோவேட்டர் விட்டு மடக்கி உழுதாப் பரவாயில்ல, மண்ணுக்குப் போகும். பல பேரு நெருப்புத்தான் வைக்கறாங்க. நான் கதிர் ஒடிக்கறப்பவே போய் நிலத்துக்காரங்ககிட்ட கேட்டுடுவேன். "எடுத்துக்கப்பா, எனக்கு உழவு கூலி மிச்சம்"னு சொல்லிடுவாங்க. அறுக்கற கூலியும் டிராக்டர் வாடகையும்தான் நம்ம செலவு. கதிர் ஒடிச்ச பிறகு தள்ளிப் போடக்கூடாது. தோகை காய்ஞ்சு காத்துல உதிர்ந்துட்டா நிக்கறது வெறும் குச்சி. சத்தெல்லாம் தோகையிலதான்.

முழுத்தட்டா போட்டா மாடு தோகையை உருவித் தின்னுட்டு தண்டை மிதிச்சுடும். கிழட்டு மாட்டுக்கு வேற ஒரு சங்கடமும் உண்டு. சந்தையில மாட்டோட வாயைப் பிளந்து பாக்கறதைப் படத்துல பாத்திருப்பீங்க. ரெண்டு பல், நாலு பல், ஆறு பல், கடைசேர்ந்ததுன்னு வயசை எண்றது அப்படித்தான். நான் வாங்கற மாடு கடைசேர்ந்து, அந்தப் பல்லும் தேய்ஞ்சு வேரு தெரியற மாடு. அதால தண்டை மெல்ல முடியாது. அதனால தட்டு வெட்டற மெஷின்ல ஒரு அங்குலம் ஒண்ணரை அங்குலமா வெட்டி, முந்தின ராத்திரியே உப்பும் கொஞ்சம் வெல்லமும் கரைச்ச தண்ணியைத் தெளிச்சு, சாக்குப் போட்டு மூடி வச்சுடுவோம். காலையில தொட்டுப் பாத்தா பதமா இருக்கும். எங்க வீட்டுக்காரம்மாதான் மெஷின் ஓட்டும். முந்தானையை இழுத்துச் செருகிக்கிட்டு, பக்கத்துல புள்ளைங்க யாரும் வராம விரட்டிட்டுத்தான் சுவிட்ச்சப் போடும். விரல் போன கதை எங்க ஊருலயே ரெண்டு இருக்குது.

தட்டு வாங்கறப்ப ஒரு கேள்வி கட்டாயம் கேக்கணும். "கடைசியா எப்ப மருந்து அடிச்சீங்க?" 2018-ல படைப்புழு வந்ததுல இருந்து மக்காச்சோளத்துக்கு குருத்து குருத்தா மருந்து ஊத்தறாங்க. மருந்து டப்பாவுல போட்டிருக்கற நாள் கணக்கு முடிஞ்சிருந்தாத்தான் அந்தத் தட்டைத் தொடுவேன். சொல்லத் தயங்கினா வேண்டாம்னு வந்துடுவேன்.

அடுத்தது கடலைக்கொடி. நார்த்தீனியில இதுதான் ராஜா. வைக்கோலைவிட ரெண்டு மூணு மடங்கு புரதம். காயை ஆஞ்சதும் வேர் மண்ணைத் தட்டி உதறி, நிழலும் வெயிலுமா காய வச்சு, இலை உதிராம போர் போடணும். மழையில நனைஞ்சு பூசணம் பிடிச்ச கொடி எவ்வளவு இருந்தாலும் குப்பைக்குத்தான். பூசணத்துல இருக்கற நஞ்சு மாட்டோட ஈரலைப் பிடிக்கும். இது கிடைக்கறது கம்மிங்கறதால, தட்டு நாலு பங்குக்கு கொடி ஒரு பங்குன்னு கலந்து போடுவேன். கொடி வாசனைக்குத் தட்டும் சேந்து உள்ள போயிடும். துவரை, உளுந்து, அவரை அடிச்ச பிறகு களத்துல மிஞ்சற பொட்டும் இதே மாதிரிதான். தூத்தி மண்ணு எடுத்துட்டா நல்ல தீனி. சாக்குல கட்டி வச்சா கோடை வரைக்கும் வரும்.

கரும்பு வெட்டற நேரத்துல கொழுந்தாடை. ஆலைக்குப் போறப்ப கரும்போட தலையை வெட்டிப் போடுவாங்க இல்லியா, அந்தப் பச்சைத் தலை. வெட்டற ஆளுங்களுக்கே சில இடத்துல அது உரிமை. அவங்ககிட்ட பேசி வாங்கிக்கணும். பச்சையா இனிப்பா இருக்கறதால மாடு விரும்பித் தின்னும். ஆனா அதுல புரதமும் கம்மி, தாது உப்பும் கம்மி. அதை மட்டும் போட்டா வயிறு நிறையும், உடம்பு ஏறாது. கூடவே கொஞ்சம் புண்ணாக்கும் தாது உப்பும் வேணும். மீந்ததை நறுக்கி, பிளாஸ்டிக் பேரல்ல காத்துப் புகாம மிதிச்சு மூடினா ஊறுகாய்ப்புல் ஆயிடும். ஒண்ணரை மாசம் கழிச்சுத் திறந்தா புளிப்பும் இனிப்புமா ஒரு வாசம் வரும் பாருங்க, மாடு கயித்தை இழுக்கும்.

சேலம் மாவட்டத்துக்காரனா இருந்துட்டு திப்பியைச் சொல்லாம இருக்க முடியாது. நீங்க பாயசத்துக்குப் போடற ஜவ்வரிசி எங்க ஊரு சேகோ ஆலைகள்லதான் பெரும்பாலும் ஆகுது. குச்சிக்கிழங்கை அரைச்சு மாவுப்பாலை எடுத்த பிறகு நிக்கற சக்கைதான் திப்பி. காய்ஞ்ச திப்பியில நாரும் இருக்குது, மிச்ச மாவும் இருக்குது. தெம்பு கொடுக்கும், புரதம் ரொம்பக் கம்மி. அதனால இதை நான் தட்டுக்குப் பதிலா போடறதில்ல, தவிட்டுல பாதியைக் குறைச்சுட்டு அந்த இடத்துல போடறேன். ஈரத்திப்பியை அன்னன்னைக்கே காய வைக்கணும், இல்லாட்டி புளிச்சு நாறிப் போயிடும்.

வேலியில இருக்கற மரத்தையும் விட்டுடக்கூடாது. சவுண்டல், வாகை, கிளைரிசிடியா, வேம்பு. சவுண்டல் இலையில புரதம் நிறைய. ஆனா அதுல ஒரு நஞ்சும் உண்டு. அதையே அள்ளி அள்ளிப் போட்டா வால் முடி கொட்டும். மொத்தத் தீனியில மூணுல ஒரு பங்கைத் தாண்டக்கூடாது. கிளைரிசிடியா நெடி அடிக்கும். வெட்டி ஒரு பொழுது வாட விட்டுப் போட்டா முகம் திருப்பாது. கோடையில சீமைக்கருவேல நெத்து உதிரும். இனிப்பா இருக்கும், பொறுக்கறதுக்குக் காசு இல்ல. ஆனா அப்படியே போட்டா விதை சாணியோட வெளியே வந்து காடு பூரா முளைச்சுக்கும். காய வச்சு அரைச்சு, அடர்தீனியோட கொஞ்சமா கலக்கணும்.

வைக்கோலையே சத்தாக்கற ஒரு வழியும் இருக்குது. கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்துல பயிற்சி கொடுக்கறப்ப சொல்லித் தருவாங்க. 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியா, 50 முதல் 60 லிட்டர் தண்ணியில சுத்தமா கரைச்சு, அடுக்கு அடுக்கா தெளிச்சு, மிதிச்சு, தார்ப்பாய் போட்டு காத்துப் புகாம 21 நாள் மூடி வைக்கணும். திறந்து நெடி போக ஆற விட்டுத்தான் போடணும். புரதம் ஏறக்குறைய ரெண்டு மடங்காயிடும், நாரும் இளகிடும். ஆனா இதுல அளவு தப்பினா மாடு செத்துரும். ஆறு மாசத்துக்கு உட்பட்ட கன்னுக்குப் போடவே கூடாது. யூரியாவைத் தண்ணித் தொட்டியில கரைச்சு வைக்கறேன்னு யாராவது சொன்னா கையைப் பிடிச்சுத் தடுங்க. எழுதின தாளை வச்சு ஒரு தடவை டாக்டர் முன்னாடி செஞ்சு பாத்துட்டு அப்புறம் வீட்டுல செய்யறது நல்லது. உருளையா கட்டின வைக்கோல்ல பிளாஸ்டிக் கயிறு இருக்கும். அதைத் துண்டு விடாம எடுத்துடணும். உள்ள போனா வெளியே வராது, குடல்ல சுத்திக்கும்.

இவ்வளவு நார் இருக்குதேன்னு கண்ணுல பட்டதையெல்லாம் போடறதும் ஆபத்து. எங்க காட்டுக்கு ரெண்டு காடு தள்ளி ஒருத்தரு சோளம் போட்டிருந்தாரு. கதிரை அறுத்துட்டு விட்ட கட்டை, ஒரு மழைக்கு மறுபடியும் துளிர் விட்டுது. அப்புறம் மழை இல்லாம வெயில்ல வாடி நின்னுது. பாக்க இளம்பச்சையா அழகா இருந்தது. அவரோட எருது கயித்தை அறுத்துக்கிட்டுப் போய் அதுல மேஞ்சுடுச்சு. கத்தற சத்தம் கேட்டு நாங்க ஓடினப்ப கீழ விழுந்து காலை உதைச்சுக்கிட்டு இருந்தது. டாக்டருக்குப் போன் போட்டோம். அவரு வண்டியை எடுத்துக் கிளம்பி, பாதி வழி வர்றதுக்குள்ள முடிஞ்சு போச்சு. அந்த இளந்துளிர்ல சயனைடு ஊறும். பூ எடுத்து முத்தின பயிர்ல அந்த அளவுக்கு இருக்காது. அறுத்து நல்லா காய வச்சா குறைஞ்சுடும். சீக்கிரம் பாத்து நரம்புல ஊசி போட்டா காப்பாத்தலாம், ஆனா அந்த நேரம் கிடைக்கறது அபூர்வம். குச்சிக்கிழங்கு இலையும் தோலும் இதே ஜாதிதான். வெயில்ல காய வைக்காம வாயில வைக்க விடக்கூடாது. அந்த மனுசன் வேட்டியால முகத்தைத் துடைச்சுக்கிட்டு, "இருவது நாள்ல விக்க இருந்தேன் மாமா"ன்னு என்கிட்ட சொன்னாரு. விக்க இருந்த மாடுதான், ஆனா அவரு அழுதது காசுக்காக மட்டும் இல்லைன்னு பாத்த எங்களுக்குத் தெரியும்.

இதுக்கெல்லாம் முன்னாடி ஒரு வேலை இருக்குது. சந்தையில இருந்து வந்ததும் டாக்டர்கிட்ட காட்டி எடைக்குத் தகுந்த குடற்புழு மருந்து. புழு இருக்கற வயித்துல நீங்க கொட்டறது மாட்டுக்குப் போகாது. அப்புறம் தீனி மாத்தறதை பத்து பதினஞ்சு நாள் எடுத்துக்கிட்டு மெதுவா மாத்தணும். உள்ள இருக்கற நுண்ணுயிரு புதுத் தீனிக்குப் பழகணும் இல்லியா? முதல் வாரம் பழைய வைக்கோலு முக்கால் பங்கு, புதுசு கால் பங்கு. அடர்தீனி அரைக் கிலோவுல ஆரம்பிச்சு ரெண்டு கிலோவுக்குக் கொண்டு போவேன். தாது உப்புக் கலவை ஒரு பிடி. தண்ணி எந்நேரமும்.

உடம்பு ஏறுதான்னு எப்படித் தெரியும்? எங்களுக்கு எடை மேடை கிடையாது. டெய்லர் டேப்புதான். முன்னங்காலுக்குப் பின்னாடி நெஞ்சுச் சுத்தளவு எத்தனை அங்குலம்னு அளக்கணும். அதை அதாலேயே பெருக்கி, தோள்பட்டை முனையில இருந்து பின்னால இடுப்பெலும்பு முனை வரைக்கும் உள்ள நீளத்தாலயும் பெருக்கி, 660-ஆல வகுத்தா கிலோ கிடைக்கும். பத்தாவது வரைக்கும் படிச்சதுல எனக்கு ரொம்ப உதவின கணக்கு இதுதான். போன வருசம் வாங்கின ஒரு எருது சுத்தளவு 58, நீளம் 52. கணக்குப் போட்டா 265 கிலோ. நாலு மாசம் கழிச்சு சுத்தளவு 63. அதாவது 312 கிலோ. நாளுக்கு 400 கிராம். கிழட்டு மாட்டுக்கு இது நல்ல ஏத்தம்.

அதோட வரவு செலவையும் சொல்லிடறேன். வாங்கினது 28,000. அடர்தீனி நாலு மாசத்துக்கு 7,200. தட்டும் கொடியும் கொண்டாந்து சேத்த செலவு 1,500. மருந்து, தாது உப்பு, வண்டி வாடகை 1,300. ஆக மொத்தம் 38,000. புதன்சந்தையில துண்டுக்குள்ள விரலைப் பிடிச்சு முடிஞ்ச விலை 41,000. நிக்கறது மூவாயிரம். மேல ஒரு டிரெய்லர் சாணி எரு. அதே மாட்டுக்கு வைக்கோலே போட்டிருந்தா 15 கிலோ உருளை நாப்பது வேணும். உருளை 220 ரூபா விலைக்கு 8,800. அப்ப லாபம் போய், கையில இருந்து 4,300 ரூபா போயிருக்கும். நான் இந்தத் தொழில்ல நிக்கறதும் விட்டுட்டுப் போறதும் அந்தத் தட்டுலயும் கொடியிலயும்தான் இருக்குது.

"மூவாயிரத்துக்கா இவ்வளவு பாடு?"ன்னு என் பையன் கேப்பான். நாலு மாடு, ரெண்டு தடவைன்னா இருபத்து நாலாயிரம். எரு வாங்கற செலவு இல்ல. ஆனா அதுக்கு மேல ஒரு விசயம் இருக்குது. இந்தக் கிழட்டு மாட்டுக்கு ஒரு விலை இருக்கற வரைக்கும்தான் விவசாயி அடுத்த மாடு வாங்குவான். 2017 மே மாசம், சந்தையில அறுப்புக்கு மாடு விக்கக்கூடாதுன்னு மத்திய அரசு விதி போட்டு, மதுரையில உயர் நீதிமன்றக் கிளை அதுக்குத் தடை கொடுத்துச்சே, அந்த நாள்ல சந்தைக்கு ஓட்டிட்டுப் போன மாட்டை கேக்க ஆளு இல்லாம திரும்ப ஓட்டிட்டு வந்தவங்களைப் பாத்திருக்கேன். விக்கவும் முடியாம, வறட்சியில தீனி போடவும் முடியாம நிக்கற நெலமை யாருக்கும் வரக்கூடாது. மாட்டோட வாழ்க்கை அதோட தீனியிலயும் இருக்குது, அதோட விலையிலயும் இருக்குது. ரெண்டுல எது போனாலும் கட்டுத்தரை காலி.

எங்க ஊருல கட்டுத்தரை காலியான வீடுங்க நிறைய ஆயிடுச்சு. மேய்ச்சல் நிலம் போயிடுச்சு, மந்தைக்காடு வீட்டுமனை ஆயிடுச்சு. இனிமே மாடுன்னா அது மனுசன் தின்னது போக மிச்சத்துல வாழ்ற ஜீவன்தான். நீங்க தின்ற கோழியோட தீனி மக்காச்சோளம், அதோட தட்டு மாட்டுக்கு. உங்க சக்கரைக்கு கரும்பு, அதோட தலை மாட்டுக்கு. எண்ணெய்க்கு கடலை, அதோட கொடி மாட்டுக்கு. பாயசத்துக்கு ஜவ்வரிசி, அதோட திப்பி மாட்டுக்கு. மனுசனுக்கு மணி, மாட்டுக்குத் தாளு, மண்ணுக்குச் சாணின்னு ஒரு பங்கு பாகம் ரொம்ப நாளா இருந்துச்சு. தட்டுக்கு வைக்கற நெருப்பு அந்தப் பாகப் பிரிவினையில மாட்டோட பங்கையும் மண்ணோட பங்கையும் ஒண்ணா எரிக்குது.

இதைப் படிக்கற உங்கள்ல நிறைய பேருக்கு ஊருல அப்பா தாத்தா நிலம் இருக்கும். குத்தகைக்கு விட்டிருப்பீங்க, இல்ல சித்தப்பா பெரியப்பா பாத்துக்குவாங்க. அடுத்த தடவை போன்ல பேசறப்ப, அறுப்பு எப்பன்னு கேக்கற கையோட இன்னொண்ணும் கேளுங்க. அறுப்பு முடிஞ்ச பிறகு தட்டை என்ன பண்றாங்கன்னு. நெருப்பு வைக்கறாங்கன்னு சொன்னா, பக்கத்துல மாடு வச்சிருக்கறவங்க யாருக்காவது ஒரு வாரம் முன்னாடி தகவல் சொல்லச் சொல்லுங்க. காசு எதிர்பாக்க வேண்டாம். அறுக்கற கூலியும் வண்டியும் அவங்களே பாத்துக்குவாங்க. மருந்து அடிச்ச தேதியை மட்டும் மறைக்காம சொல்லச் சொல்லுங்க. ஒரு ஏக்கர் தட்டு எங்க கட்டுத்தரையில மாசக்கணக்குல வயித்தை நிறைக்கும்.